கண்டித் தபால் நிலையமும் வேலைநிறுத்தமும்

2023ஆம் ஆண்டு நவம்பரில் இலங்கைத் தபால் ஊழியர் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் கேட்டது ஊதிய உயர்வன்று. நுவரெலியா, கண்டி ஆகிய நகரங்களின் பழைய தபால் நிலையக் கட்டடங்களைச் சுற்றுலாத் தொழிலுக்குக் கொடுத்தலாகாது என்பதே. அரசாங்கமோ ஊழியரின் விடுமுறைகளை இரத்துச் செய்தது.

கடிதம் அருகிவிட்ட இக்காலத்தில் யாருக்கு நட்டம் என நேயர்கள் வினவலாம். வாகனச் சாரதிகள் தண்டப்பணத்தை 14 நாள்களுக்குள் தபால் நிலையத்திலேயே செலுத்தவேண்டியிருந்த காலம் அது, பிந்தினால் இருமடங்கு. கண்டியைச் சூழ்ந்த தெல்தோட்டை, கலஹா முதலிய தோட்டப் பகுதிகளின் நிலை வேறு. லயன் வீடுகளுக்குத் தனி விலாசம் இல்லாமையால் கடிதங்கள் பெரும்பாலும் தோட்டக் கந்தோருக்கே போய்ச் சேரும். அங்கே தங்கியே வீட்டை எட்டும். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு நாள் கடந்து கைக்கு வருவது அங்குப் பழைய முறைப்பாடு. அத்தகைய வீட்டுக்கு இரண்டு நாள் நிறுத்தம் இரண்டு நாளோடு முடிவதில்லை.