16 நாள் கெடு... 11 நாளில் எழுதி முடித்தார்! கிறிஸ்துமஸ் பாண்டு இசை பிறந்த கதை

பதினாறே நாள். அதற்குள் ஒரு பெரிய பாண்டு கோஷ்டி முழுவதும் வாசிக்கும்படி புதிதாக ஒரு ரஷிய இசை எழுதியாக வேண்டும். இப்படி ஒரு வேலை தலையில் வந்து விழுந்தால் யாருக்கும் கை கால் ஓடாது.

1944-ம் ஆண்டு கடைசியில், அமெரிக்காவில் டென்வர் நகரில், ராணுவ பாண்டில் வேலை பார்த்த ஒரு வாலிபருக்கு இப்படித்தான் வந்து விழுந்தது. அவர் பெயர் ஆல்பிரட் ரீட். வயது 23.

மனுஷர் அசரவில்லை. 11 நாளில் எழுதி முடித்து விட்டார்!

"ரஷிய கிறிஸ்துமஸ் இசை" என்று அதற்குப் பெயர். 80 ஆண்டு ஓடிவிட்டது. இன்றும் டிசம்பர் பிறந்தால் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பாண்டு கோஷ்டிகள் அந்த நோட்டுத் தாள்களை எடுத்துத் தூசி தட்டுகின்றன.

கல்யாண பாண்டு அல்ல

பாண்டு என்றதும் கியாஸ் லைட் வெளிச்சத்தில், சிவப்புச் சட்டையும் ஜரிகைத் தொப்பியுமாக மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னால் போகும் கோஷ்டிதான் நமக்கு ஞாபகம் வரும். இது வேறு.

இது மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசிக்கும் கச்சேரி பாண்டு. ஐம்பது, அறுபது பேர் இருப்பார்கள். புல்லாங்குழல், கிளாரினெட், சாக்ஸபோன், டிரம்பெட், டிரம்போன், யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்த டியூபா, பின்னால் மேளம், தாளம், மணி. எல்லாம் ஊதுவதும் அடிப்பதும்தான். பிடில் மருந்துக்கும் கிடையாது.

அங்கேதான் சிக்கல். கிறிஸ்துமஸ் பாட்டுகள் பாண்டுக்காகப் பிறந்தவை அல்ல. மனிதர்கள் வாயால் பாடுவதற்காகப் பிறந்தவை. "சைலண்ட் நைட்" பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1818-ம் ஆண்டு ஆஸ்திரியாவில் ஓபர்ன்டார்ப் என்ற சிற்றூரில், கிறிஸ்துமசுக்கு முதல் நாள் அதற்கு மெட்டுப் போட்டார் பிரான்ஸ் குரூபர். இரண்டு குரலும் ஒரு கிதாரும்தான் அப்போது துணை. அதை அறுபது பேர் ஊதினால் பாட்டு பிழைக்குமா?

பிழைக்க வைக்கிறவருக்குப் பெயர்தான் அரேஞ்சர். கோடம்பாக்கத்து ரிக்கார்டிங் தியேட்டர்களில் மியூசிக் டைரக்டர் மெட்டுப் போட்டதும், யார் எங்கே எதை வாசிப்பது என்று நோட்ஸ் எழுதித் தருவாரே, அதே வேலை. மேடையில் கைதட்டல் கண்டக்டருக்கு. மாலை பாடகருக்கு. அரேஞ்சர் வீட்டில் கண் எரிய உட்கார்ந்திருப்பார்!

கடைசி நேரத்தில் குண்டு

ரீட் கதைக்கு வருவோம்.

அப்போது இரண்டாவது உலகப்போர். ஜெர்மனிக்கு எதிராக அமெரிக்காவும் ரஷியாவும் ஒரே அணி. இரண்டு நாட்டு நட்பை வளர்க்க டென்வரில் ஒரு கச்சேரிக்கு ஏற்பாடு ஆனது. அமெரிக்க இசை பாதி, ரஷிய இசை பாதி. நாடு முழுவதும் கேட்கும்படி ரேடியோவிலும் ஒலிபரப்பு.

பொறுப்பேற்றவர் ராய் ஹாரிஸ். அமெரிக்காவின் பெயர் பெற்ற இசையமைப்பாளர். ரஷிய மேதை புரோகோபியேவ் பாண்டுக்காக எழுதிய ஓர் அணிவகுப்பு இசையை, அமெரிக்காவில் முதல் முறையாக வாசிப்பதாகத் திட்டம்.

கச்சேரி நெருங்கும்போது குண்டு விழுந்தது. அந்த இசையை அமெரிக்காவில் வேறு ஒருவர் ஏற்கனவே வாசித்து விட்டாராம்! "முதல் முறை" என்ற பெருமை போயிற்று.

இன்னும் 16 நாள்தான். ராய் ஹாரிஸ் பார்வை 529-வது ராணுவ விமானப்படை பாண்டில் அரேஞ்சராக இருந்த ரீட் மேல் விழுந்தது. நீயே எழுது என்று பொறுப்பை ஒப்படைத்தார்.

இதில் ஒரு வேடிக்கை. ரீட் ரஷியர் அல்ல. நியூயார்க்கில் பிறந்தவர். பெற்றோர் ஆஸ்திரியாவில் இருந்து வந்து குடியேறியவர்கள்.

வாத்தியமே இல்லாத கோவில்!

ரீட் முதலில் கையில் எடுத்தது, ரஷியக் குழந்தைகள் பாடும் ஒரு பழைய கிறிஸ்துமஸ் பாட்டு. அடுத்து ரஷிய ஆர்த்தடாக்ஸ் கோவில் வழிபாட்டு இசை.

அந்தக் கோவில்களில் வாத்தியமே கிடையாது. ஆர்கன் கூட இல்லை. ஆராதனையில் முழுக்க முழுக்க மனிதக் குரல்தான். அதிலும் அடித்தொண்டையில் இருந்து வருகிற ஆண் குரல், தரை அதிருகிற மாதிரி இருக்கும்.

வாத்தியம் இல்லாமல் குரல் மட்டும் உள்ள இசையை, குரல் இல்லாமல் வாத்தியம் மட்டும் உள்ள கோஷ்டிக்கு மாற்ற வேண்டும். நினைத்துப் பாருங்கள்!

ரீட் என்ன செய்தார்? பாண்டு ஊதுகிற கூட்டம்தானே. ஊதுவதும் மூச்சு, பாடுவதும் மூச்சு. அந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டார். பிடில் வில்லுக்கு மூச்சு வாங்காது. கிளாரினெட்காரருக்கு வாங்கும், பாடகருக்கும் வாங்கும். ஆகவே பாண்டை பாடகர் கூட்டமாகவே நடத்தினார்.

தொடக்கத்தில் மணி ஒலிக்கும். கூடவே கிளாரினெட் குடும்பத்தின் பெரிய அண்ணன்கள் அடிக்குரலில் மெல்லத் தொடங்குவார்கள். கிளாரினெட் நமக்கு அந்நியம் இல்லை. ஏ.கே.சி. நடராஜன் கையில் கர்நாடக ராகங்களைப் பாடிய அதே வாத்தியம்தான். ஆனால் இங்கே வருவது ஆள் உயர கிளாரினெட். சத்தம் பாதாளத்தில் இருந்து வரும்.

பிறகு குழந்தைகள் பாட்டு. அதன் பின், ஒரு பக்கம் பாட மறுபக்கம் பதில் சொல்லும் கோவில் முறை. நம்ம பஜனை கோஷ்டியில் பாகவதர் ஒரு அடி சொல்ல, கூட்டம் திருப்பிச் சொல்வது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பின் கிராமத்துப் பாட்டு. இந்த இசைக்குள் "இங்கிலீஷ் ஹார்ன்" என்ற வாத்தியம் தனியாக ஏங்கிப் பாடும் இடம் ஒன்று உண்டு. பேரில்தான் ஹார்ன். நாதசுரம் மாதிரி சீவாளி வைத்து ஊதுகிற ஜாதி அது. கடைசியில் பித்தளை வாத்தியங்கள் அத்தனையும் சேர்ந்து, மணிகள் முழங்க, பெரிய தேவாலயமே எழுந்து பாடுவது போல முடியும்.

மொத்தம் கால் மணி நேரம். இதற்கு 11 நாள்.

ஆளுக்கு ஒரு கணக்கு

எழுதுவது என்றால் மெட்டை மட்டும் எழுதிப் போட்டு விட முடியாது.

கிளாரினெட்டுக்கு மட்டும் மூன்று தனித் தாள். டிரம்போனுக்கு மூன்று. ஹார்னுக்கு நான்கு. அதிலும் ஒவ்வொரு வாத்தியமும் ஒவ்வொரு கணக்கு. பியானோக்காரர் தாளில் உள்ள ஒரு சுரத்தை, கிளாரினெட்காரர் தன் தாளில் அப்படியே பார்த்து ஊதினால், காதில் விழுவது முழுசாக ஒரு கட்டை கீழே! ஹார்னுக்கு இன்னொரு கணக்கு. ஆல்ட்டோ சாக்ஸபோனுக்கு வேறொரு கணக்கு. இதை எல்லாம் மனசிலேயே கூட்டிக் கழித்து, மேடையில் ஒரே சுருதியாக வரும்படி எழுத வேண்டும். கணக்கப்பிள்ளை வேலையும் சேர்ந்ததுதான் இது.

உதடு என்று ஒன்றும் இருக்கிறது. டிரம்பெட்காரர் உச்ச சுரத்திலேயே பத்து நிமிஷம் ஊதினால் உதடு மரத்துப் போகும். அப்புறம் காற்றுதான் வரும், சத்தம் வராது. ஆகவே மெட்டை அவரிடம் கொஞ்சம், கிளாரினெட்டிடம் கொஞ்சம், ஹார்னிடம் கொஞ்சம் என்று மாற்றிக் கொடுக்க வேண்டும். கேட்கிறவர்கள் "ஆகா, என்ன அழகாக நிறம் மாறுகிறது" என்று தலையாட்டுவார்கள். பாதிக் காரணம் உதடு!

எல்லாவற்றையும் விடப் பெரிய தலைவலி, கிறிஸ்துமஸ் மெட்டு எல்லோருக்கும் தெரியும் என்பதுதான். வேறு இசையில் ஒரு சுரம் தவறினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இதில் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஏழு வயதுப் பையன் கண்டுபிடித்து விடுவான். மெட்டில் கை வைக்கவும் முடியாது, அப்படியே விட்டால் கச்சேரியும் சோபிக்காது.

ரீட் எழுதி முடித்ததும் பிரதி எடுப்பவர்கள் இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் தனித்தனியாக எழுதிக் கொடுத்தார்கள். ஜெராக்ஸ் மெஷின் கடைக்கு வராத காலம். எல்லாம் கையால் எழுதியது. ரிகர்சலுக்குக் கிடைத்தது மிச்சம் மீதி நாட்கள்தான்.

1944 டிசம்பர் 12-ந் தேதி என்.பி.சி. ரேடியோ மூலம் அமெரிக்கா முழுவதும் அந்த இசை ஒலித்தது.

நான்கே நாளில், டிசம்பர் 16-ந் தேதி, ஐரோப்பாவில் ஆர்டென்ஸ் காட்டுப் பகுதியில் ஜெர்மன் படை பெருந்தாக்குதல் தொடங்கியது. அமெரிக்க வீரர்களுக்கு அந்தக் கிறிஸ்துமஸ் பனியிலும் ரத்தத்திலும் போயிற்று.

போர் முடிந்தது. சில ஆண்டுகளிலேயே அமெரிக்காவும் ரஷியாவும் எலியும் பூனையும் ஆயின. எந்த நட்புக்காக எழுதப்பட்டதோ அந்த நட்பு போய்விட்டது. இசை போகவில்லை. 1947-ல் கொலம்பியா பல்கலைக்கழகம் நடத்திய பாண்டு இசைப் போட்டியில் இறுதிச் சுற்று வரை வந்தது. இரண்டு வல்லரசுகளும் அணுகுண்டை வைத்துக்கொண்டு முறைத்த காலத்திலும், அமெரிக்கப் பள்ளிக்கூடப் பையன்கள் டிசம்பரில் ரஷியக் கோவில் இசையை ஊதிக்கொண்டிருந்தார்கள். இத்தனைக்கும் ரஷிய ஆர்த்தடாக்ஸ் சபைக்குக் கிறிஸ்துமஸ் டிசம்பர் 25 அல்ல. பழைய காலண்டர்படி ஜனவரி 7!

ரீட் பின்னால் மியாமி பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியர் ஆனார். பாண்டுக்காக எழுதிக் குவித்தார். ஜப்பானில் அவருக்கு ஏக மரியாதை. 2005-ல் 84 வயதில் காலமானார்.

கொளுத்தும் வெயிலில் பனி வண்டி

இன்னொருவர் கதை இதற்கு நேர் எதிர். கெடுவும் இல்லை, அவசரமும் இல்லை. குளிர் கூட இல்லை!

கிறிஸ்துமஸ் சீசனில் ஓயாமல் கேட்கும் "ஸ்லே ரைட்" இசை தெரியுமா? பனியில் சறுக்கிப் போகும் குதிரை வண்டிப் பயணம். அதை எழுதிய லெராய் ஆண்டர்சன் அதைத் தொடங்கியது ஜூலை மாதம். 1946-ம் ஆண்டு. கனெக்டிகட் மாநிலத்தில் உட்பரி என்ற ஊர். வெயில் கொளுத்துகிறது. தண்ணீர்க் கஷ்டம் வேறு. பழைய ஊற்றுக் குழாய் எங்கே புதைந்திருக்கிறது என்று தேடி, மனுஷர் மண்வெட்டியால் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார். அந்தக் கோடையில்தான் பனி வண்டி யோசனை வந்தது!

முடித்தது 1948 பிப்ரவரியில். பாஸ்டன் பாப்ஸ் கோஷ்டி முதலில் வாசித்தது மே மாதம் 4-ந் தேதி. கிறிஸ்துமசுக்கு ஏழரை மாதம் இருக்கும்போது! 1950-ல் மிச்செல் பாரிஷ் அதற்கு எழுதிய பாட்டு வரிகளிலும் கிறிஸ்துமஸ் என்ற வார்த்தையே இல்லை. ஜனங்களாகப் பார்த்து அதைக் கிறிஸ்துமஸ் இசை ஆக்கிக்கொண்டார்கள்.

ஆண்டர்சனும் பாண்டில் இருந்து வந்தவர்தான். ஹார்வர்டு பல்கலைக்கழக பாண்டை நடத்தியவர். பல மொழி தெரிந்தவர். போர்க்காலத்தில் ராணுவம் அவரை ஐஸ்லாந்துக்கு அனுப்பியது. போன இடத்தில் அந்த நாட்டு மொழிக்கு இலக்கணப் புத்தகம் எழுதினார். ஆள் அப்படி!

"ஸ்லே ரைட்" இசையைப் பாண்டுக்கும் அவரே எழுதிக் கொடுத்தார். கொட்டாங்கச்சி தட்டுவது போன்ற மரக்கட்டை வாத்தியத்தில் குதிரைக் குளம்பு. இரண்டு பலகையைப் பட்டென்று சேர்த்து அடித்தால் சாட்டை. கடைசியில் குதிரை கனைக்கும். அது டிரம்பெட்காரர் வேலை. விரலால் வால்வை முழுசாக அழுத்தாமல் பாதியில் நிறுத்தி, ஊதியபடியே சத்தத்தை மேலிருந்து கீழே வழுக்க விட வேண்டும். சரியாக வந்தால் கொட்டகை சிரிக்கும். வராவிட்டால் குதிரைக்கு ஜலதோஷம்!

1950-ல் பாஸ்டன் பாப்ஸ் கண்டக்டர் ஆர்தர் பீட்லருக்காக "எ கிறிஸ்துமஸ் பெஸ்டிவல்" என்று ஒன்றும் கட்டிக் கொடுத்தார். "ஜாய் டு தி வேர்ல்டு" தொடங்கி "சைலண்ட் நைட்", "ஜிங்கிள் பெல்ஸ்" என்று எட்டு ஒன்பது பாட்டுகளை ஒரே மாலையாகத் தொடுத்தது. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் முடிச்சு எங்கே என்று கண்டுபிடிப்பது கஷ்டம். என் கட்சி, அவருடைய சாமர்த்தியம் எல்லாம் அந்த முடிச்சுகளில்தான் இருக்கிறது. குதிரைக் கனைப்புக்கு விழுகிற கைதட்டல் அதற்கு விழுவதில்லை, அவ்வளவுதான்.

1975-ம் ஆண்டு மே மாதம் ஆண்டர்சன் காலமானார். பள்ளம் தோண்டிய அதே உட்பரியில்.