ஒரு சொல் போனது. 5 மணி நேரம் நின்றது!

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பக்கம் போகிறவர்கள், நீண்ட லாரிகளின் முதுகில் இரும்புப் பெட்டிகள் போவதைப் பார்த்திருப்பார்கள். கன்டெய்னர் என்கிறோமே, அதுதான். அதே திருவள்ளூர் மாவட்டத்தின் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் இவற்றை மாடி மாடியாக அடுக்குகிறார்கள்.

உள்ளே இருப்பது துணியா, இரும்புச் சாமானா? கிரேன் ஓட்டுகிறவருக்கு அந்தக் கவலை இல்லை. பெட்டியைத் தூக்கி வைப்பதே அவர் வேலை. 1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 58 பெட்டிகளைக் கப்பலேற்றினார். அன்று பிடித்த வழக்கம்!

கம்ப்யூட்டர்காரர்களும் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டார்கள். ஒரு புரோகிராமையும், அது ஓட வேண்டிய சாமான்களையும் ஒரே மூட்டையாகக் கட்டுகிறார்கள். அதற்கும் கன்டெய்னர் என்றே பெயர். ஆனால் கண்ணுக்குத் தெரியாது.

மீகாமன்

மூட்டைகள் ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டால்? எதை எந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, ஒன்று படுத்துவிட்டால் அதன் வேலையை எங்கே மாற்றுவது என்று பார்த்துக்கொள்ள ஒரு மென்பொருள் இருக்கிறது. பெயர் குபர்நெட்டீஸ். 2014-ல் கூகுள் கம்பெனி வெளியிட்டது. கிரேக்க மொழியில் அதற்குக் கப்பலின் சுக்கான் பிடிப்பவன் என்று பொருள். பழந்தமிழில் மீகாமன்!

ஆண்டுக்கு 3 முறை புதுப் பதிப்பு வருகிறது. புதுத் தேரை வெள்ளோட்டம் விடுகிறோம் அல்லவா? அதுபோல, "ஆல்பா", "பீட்டா", கடைசியில் "ஆர்.சி." என்று முன்கூட்டியே விடுகிறார்கள். ஓட்டிப் பார்த்து, அச்சு முறிந்தால் சொல்ல வேண்டும். நிஜ வேலைக்கு இவற்றை வைக்கக் கூடாது.

314 நிமிடம்

2023 மார்ச் 14. உலகெங்கும் மக்கள் பேசிக்கொள்ளும் அமெரிக்கத் தளமான ரெட்டிட், தன் பழைய கம்ப்யூட்டர் கூட்டம் ஒன்றை 1.23-ம் பதிப்பிலிருந்து 1.24-க்கு மாற்றியது. தளம் அப்படியே நின்றது! பழைய பதிப்புக்குத் திரும்ப முறையான வழி கிடையாது. எடுத்து வைத்திருந்த நகலைக் கொண்டு மீட்டார்கள். 314 நிமிடம் ஆயிற்று.

குற்றவாளி ஒரே ஒரு சொல். தலைமைக் கம்ப்யூட்டர்களில் "மாஸ்டர்" என்று சீட்டு ஒட்டியிருந்தது. 1.24-ல் அந்தச் சீட்டு போய், "கன்ட்ரோல் பிளேன்" என்பது மட்டும் நின்றது. ரெட்டிட்டின் வழிகாட்டும் ஏற்பாடு ஒன்று "மாஸ்டர்" சீட்டையே தேடியது. காணோம். வழி அடைபட்டது.

ரகசியமாகச் செய்த மாற்றமா? இல்லை. 2020 டிசம்பரில் வந்த 1.20-ம் பதிப்பிலேயே அறிவித்திருந்தார்கள். ஆனால் அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். எங்கும் எழுதி வைக்கவில்லை. பழைய மிஷினில் எங்கே ஆப்பு செருகியிருக்கிறது என்பது பழைய பிட்டருக்குத்தானே தெரியும்?

ஆகவே, புத்தம் புதுக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தால் போதாது. தேரை மைதானத்தில் இழுத்துவிட்டு, மாட வீதி முனையில் திரும்பிவிடும் என்று சொல்ல முடியுமா? நம்மிடமுள்ள பழைய ஒட்டுப்போட்ட ஏற்பாட்டுக்கே ஒரு சிறு நகல் செய்து, அதில் ஆர்.சி. பதிப்பை ஓட்ட வேண்டும்.

அதற்குப் பெரிய கம்பெனி வேண்டியதில்லை. "கைண்ட்" என்றொரு கருவி, ஒரே மடிக்கணினிக்குள் சின்னஞ்சிறு கம்ப்யூட்டர் கூட்டத்தை உண்டாக்கித் தரும். மீகாமனைச் சோதிப்பதற்கென்றே செய்தது அது. விலையும் இல்லை.