பணிக்கர்கள் சந்திக்கும் தீவு

மட்டாஞ்சேரிக்கும் எறணாகுளத்துக்கும் நடுவே இருக்கும் வில்லிங்டன் தீவு, துறைமுகத்துக்காகக் காயலின் அடியைத் தோண்டி, அந்த மண்ணைக் கொட்டிக் கொட்டி எழுப்பிய நிலம். 1920இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ அந்த வேலையை முன்னின்று நடத்தினார். அப்போது பிரிட்டிஷ் கொச்சி சென்னை மாகாணத்தோடு இருந்தது. ஆளுநர் வில்லிங்டன் பிரபுவின் பெயரை மண் அள்ளிய கப்பலுக்கும் வைத்தார்கள், அள்ளிப் போட்ட மண்ணுக்கும் வைத்தார்கள்.

இன்று அந்தத் தீவில் கடற்படைத் தளம் இருக்கிறது. 1957இல் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமும் அங்கேதான், மத்ஸ்யபுரியில் இருக்கிறது. ஒரு பக்கம் போர்க்கப்பல், இன்னொரு பக்கம் மீனும் இறாலும். கடலை இப்படி இரண்டு விதமாகப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வாளர்களுக்கும் பணிக்கர் என்றுதான் பெயர்.

முதலாமவர் கே.எம். பணிக்கர். காவாலத்தில் 1895இல் பிறந்து, ஆக்ஸ்போர்டில் படித்து, பத்திரிகை ஆசிரியராக, பிகானீர் திவானாக, சீனத் தூதராக வாழ்ந்தவர். தமிழ்நாட்டில் அவர் பெயரைச் சொன்னால் தேவிகுளமும் பீர்மேடும் நினைவுக்கு வரும். 1953இல் அமைந்த மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் மூன்று உறுப்பினர்களில் அவர் ஒருவர். அந்த இரண்டு ஊர்களும் கேரளத்துக்குப் போன மனக்குறையால் அவர் எழுத்தை நாம் ஒதுக்கிவிடக் கூடாது. 1945இல் வந்த 'இந்தியாவும் இந்தியப் பெருங்கடலும்' சிறிய புத்தகம்தான். ஆனால் கைபர் கணவாயையே பார்த்துக்கொண்டிருந்த இந்திய வரலாற்றின் முகத்தை அது தெற்கே திருப்பியது. கடைசி சில நூற்றாண்டுகளில் இந்தியாவின் விதி கடல் வழியாகத்தான் தீர்மானமானது என்றார் அவர். கொச்சிக்காரர்களுக்கு இதற்குச் சான்று தேடவேண்டியதில்லை. போர்த்துகீசியர் 1503இல் கோட்டை கட்டினார்கள், 1663இல் டச்சுக்காரர் பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். எல்லோரும் கடல் கடந்து வந்தவர்கள்தான்.

இரண்டாமவர் என்.கே. பணிக்கர், 1913இல் பிறந்தவர். 1937இலேயே மலபார்க் கரையின் இறால் தொழிலைப் பற்றி எழுதினார். பிறகு இங்கிலாந்தின் பிளிமத் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து, இறால் தன் உடம்பின் உப்பை எப்படிக் காத்துக்கொள்கிறது என்று ஆராய்ந்தார். தண்ணீரின் வெப்பம் கூடும்போது அது குறைந்த உப்பையும் தாங்கிக்கொள்கிறது என்பது அவர் கண்டது. வெப்பநாட்டுக் காயல்களில் கடல் உயிர்கள் ஏன் இவ்வளவு செழிக்கின்றன என்பதற்கு இது ஒரு விடை. மழைக்காலத்தில் நன்னீராகி, கோடையில் உப்பேறும் கொச்சிக் காயலையும் வைப்பின் பக்கத்துச் செம்மீன் கெட்டுகள் என்னும் இறால் வயல்களையும் பார்த்தவர்களுக்கு அந்த விடையின் அருமை தெரியும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தை வழிநடத்திய அவர், 1966இல் தேசியக் கடலியல் நிறுவனத்தின் முதல் இயக்குநரானார்.

பெயர் ஒன்று என்பதால் இருவரும் ஒரே வீட்டுக்காரர்கள் என்று ஆகிவிடாது. பணிக்கர் என்பது முதலில் ஒரு பட்டம். களரி ஆசான் பணிக்கர். சோதிடம் பார்க்கும் கணியரும் பணிக்கர். கிழக்கிலங்கையின் ஏறாவூரில் யானை பிடிப்பதில் வல்ல முஸ்லிம்களையும் பணிக்கர் என்றுதான் அழைத்தார்கள். ஒரு பணியைக் கற்றுத் தேர்ந்தவர் என்ற பொருள் இவர்கள் எல்லோருக்கும் பொருந்துகிறது. நிரணம் ஊரில் பகவத் கீதையை மலையாளமாக்கிய மாதவப் பணிக்கரில் தொடங்கி இந்தப் பெயர் ஏடுகளிலும் இருக்கிறது.

சென்னையில் இந்தப் பெயரை நமக்குப் பழக்கியவர் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். கலைக்கல்லூரி முதல்வராக இருந்தவர், 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். 'சொற்களும் குறியீடுகளும்' என்ற அவருடைய ஓவிய வரிசையில் மலையாள எழுத்தும் கணக்குக் குறிகளும் ஜாதகக் கட்டம் போன்ற கோடுகளும் வருகின்றன. அந்தப் படங்களுக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்குக் கணியர் பணிக்கரின் ஓலைதான் நினைவுக்கு வரும்.

நூலகப் பட்டியலில் இவர்கள் எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் வருவார்கள் என்றுதான் எதிர்பார்ப்போம். ஆனால் ஆங்கில எழுத்து குறுக்கே வருகிறது. வரலாற்றாசிரியர் இரட்டைக் 'கே' போட்டார். அவருடைய மருமகன், நாடகக்காரர் காவாலம் நாராயணப் பணிக்கர், 'சி.கே.' போட்டார். ஓவியருக்கு ஒற்றைக் 'கே'. இன்னும் விசித்திரமான கதை ஸ்பெயினில் நடந்தது. மலபாரிலிருந்து போன ஒரு பணிக்கருக்கும் காத்தலான் தாய்க்கும் பார்சிலோனாவில் பிறந்த ரைமோன் பணிக்கர் தத்துவம், வேதியியல், இறையியல் மூன்றிலும் முனைவர் பட்டம் வாங்கியவர். அவருடைய தம்பி சல்வதோர் பொறியாளர், தத்துவ எழுத்தாளர், பதிப்பாளர். அண்ணன் இரட்டைக் 'கே'யோடு எழுதினார், தம்பி ஒற்றைக் 'கே'யோடு. அதனால் பட்டியல் அண்ணனைக் கொண்டுபோய் முன்பின் தெரியாத கடலியலாளர் பக்கத்தில் வைக்கிறது, உடன்பிறந்த தம்பியைத் தள்ளி வைக்கிறது. தமிழிலோ மலையாளத்திலோ எழுதினால் இந்தக் குழப்பம் இல்லை. அங்கே எல்லோரும் பணிக்கர்தான்.

நம் வீட்டிலும் இதே சிக்கல் உண்டு. எஸ். சந்திரசேகர் என்று தேடினால் 1983இல் நோபல் பரிசு பெற்ற விண்மீன் இயற்பியலாளர் வருவார். பெங்களூரில் 1977இல் தட்டுவடிவ மூலக்கூறுகளின் திரவப் படிகத்தைக் கண்டறிந்தவர் வருவார். மக்கள்தொகை ஆய்வாளராக இருந்து மத்திய அமைச்சரான சந்திரசேகரும் வருவார். முதலாமவர் சி.வி. ராமனின் அண்ணன் மகன், இரண்டாமவர் அவருடைய சகோதரி மகன். ஆனால் 'எஸ்' என்ற அந்த எழுத்திலிருந்து இந்த உறவை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வுலகம் பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பம் என்று எடுத்துக்கொள்கிறது. நமக்கோ அது அவரவர் சொந்தப் பெயர். நம் பிள்ளைகள் கட்டுரை எழுதத் தொடங்கும் நாளிலேயே இதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

வில்லிங்டன் தீவில் மட்டாஞ்சேரி பக்கம் பார்த்த வார்ஃபில் நிற்கும்போது நான் இரண்டு கடல் பணிக்கர்களையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன். 1960களின் தொடக்கத்தில் பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணம் நடந்தபோது இந்தியப் பங்குக்குத் தலைமை தாங்கியவர் என்.கே. பணிக்கர். பல நாட்டுக் கப்பல்கள் வலைபோட்டு எடுத்த மிதவை உயிரிகளைப் பிரித்து வகைப்படுத்தும் மையம் கொச்சியில் அமைந்தது. ஆய்வுக்கென்று போதுமான கப்பல் இல்லாத நாடு, கடற்படையின் ஐ.என்.எஸ். கிஸ்ட்னாவை அனுப்பியது. கடல் வலிமையைப் பற்றி எழுதிய கே.எம். பணிக்கர் 1963 டிசம்பரில் மறைந்தார். அந்த ஆண்டும் கிஸ்ட்னா, கண்ணுக்கு எளிதில் தெரியாத சின்ன உயிர்களைத் தேடி அவருடைய கடலில் வலை இறக்கிக்கொண்டிருந்தது.