பகலில் கடைக்காரர், ஆபத்தில் பட்டாளத்துக்காரர்! கம்பம் பள்ளத்தாக்குக்கு உதவி எங்கிருந்து வரும்?

தேனி,

2018-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை.

கொழுக்குமலையில் இருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள், சென்னையில் இருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கத்தில் இருந்தும் மலையேற வந்தவர்கள். 30 பேருக்கு மேல் இருப்பார்கள். பாதிக்கு மேல் பெண்கள். காய்ந்த புல்லில் பிடித்த தீ, காற்றோடு சேர்ந்து அவர்களைச் சுற்றி வளைத்துக்கொண்டது. தப்பித்து ஓடியவர்களில் சிலர் பள்ளத்தில் விழுந்தார்கள்.

அன்று சாயங்காலம் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "ராணுவம் வந்துடுச்சா?"

அப்போது முதல்-அமைச்சராக இருந்த எடப்பாடி பழனிசாமி மத்திய அரசிடம் உதவி கேட்டார். ராணுவ மந்திரியாக இருந்த நிர்மலா சீதாராமன் விமானப் படைக்கு உத்தரவு போட்டார். கோவை அருகே சூலூர் விமானப் படை தளத்தில் இருந்து ஹெலிகாப்டர்கள் கிளம்பின. 'கருட்' கமாண்டோ வீரர்களும் வந்தார்கள்.

ஆனால் அதற்குள் இருட்டிவிட்டது.

முதல் ராத்திரி

மலைச் சரிவு. சுற்றிலும் புகை. ஹெலிகாப்டர் இறங்கச் சமதரை இல்லை. இருட்டில் தாழப் பறந்தால் ஹெலிகாப்டருக்கே ஆபத்து. அதன் இறக்கைக் காற்று பட்டால் தணிந்த தீயும் மறுபடி எழும்பும். பொழுது விடியும் வரை வானத்தில் இருந்து பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை.

அந்த ராத்திரி மேலே ஏறிப் போனவர்கள் யார்? மலைவாழ் மக்கள், எஸ்டேட் தொழிலாளர்கள், வனத்துறை ஊழியர்கள், தீயணைப்பு படையினர், போலீசார். கையில் டார்ச் லைட். கம்பில் போர்வையைக் கட்டி, அதையே டோலியாக்கித் தூக்கி வந்தார்கள். ஒத்தையடிப் பாதையில் ஒருவர் கால் வழுக்கினாலும் டோலியோடு உருள வேண்டியதுதான்.

காயம் அடைந்தவர்கள் போடி, தேனி, மதுரை ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டு போகப்பட்டார்கள். மறுநாள் காலையில் ஹெலிகாப்டர்கள் மலைக்குப் போயின. சிகிச்சையில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக இறந்தார்கள். மொத்தம் 23 உயிர்கள்.

விசாரணை நடந்தது. மலையேற்றத்துக்குப் புது விதிகள் வந்தன. ஆனால் ஒரு கேள்வி அப்படியே நிற்கிறது. நம் மலையில் மறுபடி ஓர் ஆபத்து வந்தால், உதவி எங்கிருந்து வரும்? எத்தனை மணிக்கு வரும்?

கேட்டால்தான் வரும்

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. உள்ளூர் ஆபத்துக்கு ராணுவம் தானாக வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிடாது. மாவட்ட கலெக்டரோ, மாநில அரசோ கேட்க வேண்டும். முதலில் போலீஸ், தீயணைப்பு, வருவாய்த்துறை. பிறகு பேரிடர் மீட்புப் படை. இவர்களால் சமாளிக்க முடியாத இடத்தில்தான் ராணுவம். இதுதான் வரிசை.

தேசிய பேரிடர் மீட்புப் படையின் 4-வது பட்டாலியன் இருப்பது அரக்கோணத்தில். மாநிலத்தின் வடக்கு மூலை. அங்கே இருந்து தேனிக்கு லாரியில் வர வேண்டும் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பாதி தமிழ்நாட்டுக்கு மேல் கடந்து வர வேண்டும். சாதாரணமாகவே ஒரு ராத்திரிப் பயணம். மழையில் ரோடு அறுந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

ராஜாஜி தொடங்கிய படை

"ராணுவத்துல சேராமலே ராணுவ வீரரா இருக்க முடியுமா?" என்று கேட்டால் சிரிப்பீர்கள். கிட்டத்தட்ட அப்படி ஒரு படை இருக்கிறது. அதுதான் டெரிடோரியல் ஆர்மி. தமிழில் பிரதேச ராணுவம் என்பார்கள்.

1948-ல் அதற்குச் சட்டம் வந்தது. 1949 அக்டோபர் 9-ந் தேதி படையைத் தொடங்கி வைத்தவர் வேறு யாரும் அல்ல, அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த நம்ம ராஜாஜி.

இதில் சேர சொந்தமாக ஒரு தொழிலோ, உத்தியோகமோ இருக்க வேண்டும். வயது 18 முதல் 42-க்குள். கடை வைத்திருப்பவர் கடையைப் பார்க்கலாம். ஆபீசில் வேலை பார்ப்பவர் வேலையை விட வேண்டாம். வருஷத்தில் குறிப்பிட்ட நாட்கள் பயிற்சிக்குப் போக வேண்டும். நாட்டுக்குத் தேவை என்றால் முழு நேரமாகக் கூப்பிட்டுக்கொள்வார்கள். கிரிக்கெட் வீரர் டோனி, நடிகர் மோகன்லால் இருவருக்கும் கவுரவ லெப்டினன்ட் கர்னல் பதவி கொடுத்தது இந்தப் படையில்தான்.

கோவையைத் தலைமையிடமாகக் கொண்டது 110-வது காலாட்படை பட்டாலியன். 'மெட்ராஸ்' பெயர் தாங்கியது. கேரளாவில் அதே பெயரோடு இருப்பது 122-வது பட்டாலியன்.

வயநாட்டில் என்ன நடந்தது?

2024 ஜூலை 30-ந் தேதி அதிகாலை. வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை கிராமங்கள் மீது மலை சரிந்தது. ஆறு திசை மாறி வீடுகளுக்குள் பாய்ந்தது. 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சூரல்மலைப் பாலம் அடித்துக்கொண்டு போனதால் அக்கரையில் இருந்தவர்கள் துண்டிக்கப்பட்டார்கள்.

முதலில் ஓடிய ராணுவ அணிகளில் ஒன்று இந்த 122-வது பிரதேச ராணுவப் பட்டாலியன். காரணம் சுலபம். பக்கத்தில் இருந்தார்கள்.

பின்னாலேயே பெங்களூரைச் சேர்ந்த மெட்ராஸ் என்ஜினீயர் குரூப் வந்தது. 190 அடி நீள பெய்லி பாலம் போட்டார்கள். இரும்புச் சட்டங்களை ஒன்றோடு ஒன்று பொருத்தி, பின்னால் இருந்து தள்ளித் தள்ளி ஆற்றைத் தாண்டும் பாலம் அது. கொட்டும் மழையில் ராப்பகலாக வேலை. ஆகஸ்ட் 1-ந் தேதி மாலையில் பாலம் தயார். 24 டன் வரை தாங்கும். அதன் மேல்தான் மண் அள்ளும் எந்திரங்கள் அக்கரைக்குப் போயின. இரண்டு நாள் கழித்து மோகன்லாலும் ராணுவ உடையில் வந்து தன் பட்டாலியன் வீரர்களைப் பார்த்தார்.

இந்தப் பாலம் கடல் தாண்டியும் போயிருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் 'டித்வா' புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டபோது, இந்தியக் கடற்படைக் கப்பல்கள் நிவாரணப் பொருட்கள் கொடுத்தன. பேரிடர் மீட்புப் படையினர் விமானத்தில் போனார்கள். மகியங்கனையில் ராணுவம் ஆஸ்பத்திரி போட்டது. கிளிநொச்சி மாவட்டத்தில் நம் ராணுவ என்ஜினீயர்கள் பெய்லி பாலம் கட்டிக் கொடுத்தார்கள்.

பக்கத்து நாட்டுக்கே போகிறவர்கள் பக்கத்து மாவட்டத்துக்கு வர மாட்டார்களா? வருவார்கள். சந்தேகமே வேண்டாம். ஆனால் வந்து சேரும் வரை?

பெட்டிமுடி சொன்ன பாடம்

போடிமெட்டு ஏறி மூணாறைத் தாண்டினால் ராஜமலை. அங்கே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6-ந் தேதி ராத்திரி, தேயிலைத் தொழிலாளர் லயன் வீடுகள் மேல் மலை சரிந்தது. பலியானவர்கள் 70 பேர். பெரும்பாலோர் தமிழர்கள்.

கரண்டு இல்லை. போன் இல்லை. சேதி வெளியே தெரியவே மறுநாள் காலை ஆகிவிட்டது. வழியில் பெரியவரையில் இருந்த தற்காலிகப் பாலமும் சேதம். மீட்புப் படை வருவதற்குள் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது கூட வேலை பார்த்த தொழிலாளர்கள்தான்.

குரங்கணியிலும் அதே கதை. இருட்டு, ரோடு, மழை. இந்த மூன்றும் சேர்ந்தால் எந்தப் படையும் மறுநாள்தான் வரும். முதல் ராத்திரி உள்ளூர்க்காரர்கள் கையில்.

செய்யக் கூடியது என்ன?

கம்பம் பள்ளத்தாக்குக்குப் பட்டாளம் புதிது அல்ல. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக் ராணுவ என்ஜினீயர். மதராஸ் பயோனியர் படை வீரர்களும் அந்தக் காட்டில் வேலை செய்தவர்கள். 1895-ல் திறந்த அந்த அணைத் தண்ணீர்தான் இன்றைக்கும் கூடலூர், கம்பம் வயல்களுக்குப் பாய்கிறது.

பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்தவர்களும் ஊர்களில் இருக்கிறார்கள். கயிறு கட்டத் தெரியும். முதலுதவி தெரியும். மலைவாழ் மக்களுக்கு ஒவ்வொரு தடமும் மனப்பாடம். அரசும் கிராமங்களில் முதல்நிலைப் பொறுப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது. இவர்களை ஒன்று சேர்த்து, போடி, கம்பம், மேகமலை அடிவாரங்களில் கயிறு, ஸ்டிரெச்சர், டார்ச் லைட், வயர்லெஸ் வைத்த ஓர் அறை இருந்தால் போதும். பெரிய பட்ஜெட் வேண்டாம். வருஷத்துக்கு இரண்டு முறை, கோடைத் தீக்கு முன்னாலும் மழைக்கு முன்னாலும், ஒத்திகை பார்த்தால் போதும்.

அடுத்த முறை போர்வையைத் தேடி ஓடாமல், ஸ்டிரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடலாம்.

ஆபத்து என்றால் கலெக்டர் ஆபீஸ் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. கல்லாப் பெட்டி மேல் இன்றே எழுதி ஒட்டி வையுங்கள்.