திரையிலிருந்து இரும்புக்கு: கேம் ஆட்-இன்னை எடைபோடுவது எப்படி?

கேட் மென்பொருளில் வரைந்த ஓர் உதிரிபாகம் சி.என்.சி. இயந்திரத்தில் உலோகமாக உருவெடுப்பதற்கு முன்னால், இடையில் ஒரு முக்கியமான வேலை இருக்கிறது. எந்த டூல், எந்தப் பாதையில், எவ்வளவு ஆழத்தில், என்ன வேகத்தில் வெட்ட வேண்டும் என்று முடிவு செய்து, அதை இயந்திரத்துக்குப் புரியும் ஜி-கோடாக எழுத வேண்டும். இதைச் செய்வது கேம் மென்பொருள். தனியாக இயங்காமல், கேட் மென்பொருளுக்கு உள்ளேயே, அதே திரையில், அதே மாடலின் மேல் இயங்கும் கேம் மென்பொருளை ஆட்-இன் என்கிறார்கள்.

ஆந்திராவின் சித்தூர், திருப்பதி வட்டாரத்துக்கு இது நேரடியாகத் தேவைப்படும் கருவி. கல்லா இராமச்சந்திர நாயுடு 1985-இல் தொடங்கிய அமர ராஜா நிறுவனத்தின் பேட்டரி ஆலை திருப்பதியை அடுத்த கரகம்பாடியில் இருக்கிறது. அதே குழுமத்தின் மங்கல் இண்டஸ்ட்ரீஸ், சித்தூர் மாவட்டத்துப் பேட்டமிட்டாவில் உதிரிபாகங்கள் செய்கிறது. தமிழக எல்லையை ஒட்டிய ஸ்ரீசிட்டியில் இசுசு வாகனங்களும் அல்ஸ்டாமின் மெட்ரோ ரயில் பெட்டிகளும் உருவாகின்றன. சித்தூரைச் சுற்றியுள்ள மாம்பழக்கூழ் ஆலைகளுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உதிரிபாகங்கள் வேண்டும். இத்தகைய ஆலைகள் இருக்கும் இடத்தில் அச்சு, ஃபிக்ஸர், உதிரிபாகம் செய்யும் பட்டறைகளுக்கு வேலை உண்டு. பட்டறை நடத்துபவர் லட்சக்கணக்கில் செலவழித்து ஒரு கேம் ஆட்-இன்னை வாங்கும்முன், எதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்?

பின்னணி

எண்களால் இயக்கப்படும் மில்லிங் இயந்திரத்தை அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1952-இல் இயக்கிக் காட்டியது. துளையிட்ட நாடாவில் அதற்கான கட்டளைகள் இருந்தன. அவற்றைக் கையால் கணக்கிடும் சுமையைக் குறைக்க டக்ளஸ் ராஸ் தலைமையில் ஏ.பி.டி. என்னும் கணினி மொழி உருவானது. 1995-இல் சாலிட்ஒர்க்ஸ் என்னும் கேட் மென்பொருள் வெளிவந்து, முப்பரிமாண வரைவு சாதாரண மேசைக் கணினிக்கு வந்த பிறகு, அதற்குள்ளேயே இயங்கும் கேம் மென்பொருள்கள் பெருகின.

இந்தக் கதையில் இந்தியப் பங்கும் உண்டு. சாலிட்ஒர்க்ஸுக்குள் இயங்கும் கேம்ஒர்க்ஸை உருவாக்கிய அமெரிக்க நிறுவனமான டெக்சாஃப்டை, மும்பையின் ஜியோமெட்ரிக் நிறுவனம் 2006-இல் வாங்கியது. ஜியோமெட்ரிக்கின் இந்தத் தொழில் 2017-இல் எச்.சி.எல். வசம் சென்றது. சாலிட்ஒர்க்ஸ் 2018 பதிப்போடு வந்த சாலிட்ஒர்க்ஸ் கேம், கேம்ஒர்க்ஸை அடிப்படையாகக் கொண்டதே. இஸ்ரேலின் சாலிட்கேம், ரைனோ என்னும் கேட் மென்பொருளுக்குள் இயங்கும் ரைனோகேம், மாஸ்டர்கேமின் சாலிட்ஒர்க்ஸ் பதிப்பு ஆகியவையும் சந்தையில் உள்ளன. ஆட்டோடெஸ்க் 2012-இல் எச்.எஸ்.எம்.ஒர்க்ஸை வாங்கி, அதன் நுட்பத்தைத் தன் ஃபியூஷன் மென்பொருளுக்குள் சேர்த்தது. கட்டணமில்லாத ஃப்ரீகேடிலும் கேம் பகுதி இருக்கிறது.

மாடலோடு உள்ள பிணைப்பு

ஆட்-இன்னின் முதல் பலம், மாடல் மாறினால் டூல்பாத்தும் (டூல் செல்லும் பாதையும்) கூடவே மாறுவது. பேட்டரிப் பெட்டிக்கான அச்சை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட் ஈய-அமில பேட்டரிப் பெட்டியில் ஆறு செல்களும் அவற்றைப் பிரிக்கும் ஐந்து தடுப்புச் சுவர்களும் உண்டு. பெட்டி பாலிப்ரொப்பிலீனால் ஆனது. அது ஆறும்போது சுமார் 1.5 சதவீதம் சுருங்கும் என்று வைத்துக்கொண்டால், 200 மி.மீ. நீளத்தில் 3 மி.மீ. குறையும். அச்சை அந்த அளவுக்குப் பெரிதாக வெட்ட வேண்டும். முதல் சோதனை வார்ப்புக்குப் பிறகு சுருக்க அளவைத் திருத்தினால், மாடலின் எல்லாப் பரப்பும் நகரும். தனி கேம் மென்பொருளில் மாடலை மறுபடி ஏற்றி, பரப்புகளை ஒவ்வொன்றாகத் தேர்வு செய்ய வேண்டி வரலாம். நல்ல ஆட்-இன்னில் மறுகணக்கிட்டாலே போதும்.

இதைச் சோதிப்பது எளிது. முடித்த புரோகிராமின் மாடலில் ஒரு துளையின் விட்டத்தை மாற்ற வேண்டும். ஒரு விலாவைச் சேர்க்க வேண்டும். ஒரு பரப்பை நீக்க வேண்டும். எந்த வேலைகள் பாதிக்கப்பட்டன என்று ஆட்-இன் தெளிவாக எச்சரித்தால் நல்லது. எச்சரிக்காமல் தவறான பாதையைத் தந்தால் அது ஆபத்து.

துளையை அடையாளம் காண்பதிலும் இந்தப் பிணைப்பு உதவும். 8.5 மி.மீ. துளை வெறும் துளையா, எம் 10 மரை போட வேண்டிய துளையா என்பதை வடிவம் மட்டும் சொல்லாது. வரைந்தவர் கேட் மென்பொருளில் மரை என்று குறித்திருந்தால், அந்தத் தகவலை ஆட்-இன் படிக்க முடியும். ஆனால் வாடிக்கையாளர் ஸ்டெப் கோப்பாக அனுப்பும் மாடலில் இத்தகைய தகவல் பெரும்பாலும் இருப்பதில்லை. எனவே, சொந்தமாக வடிவமைக்கும் அச்சுக்கூடத்துக்கு ஆட்-இன்னால் கிடைக்கும் பயன், ஸ்டெப் கோப்பை வாங்கி ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைக்கு அதே அளவில் கிடைக்காது.

டூல்பாத்தின் தரம்

20 மி.மீ. எண்ட் மில் நேராகப் போகும்போது பக்கவாட்டில் 2 மி.மீ. மட்டும் கடித்தால், அதன் வட்டத்தில் சுமார் 37 பாகை அளவே உலோகத்தில் இருக்கும். கூர்மையான உள்மூலையை அடையும்போது இது 90 பாகையைத் தாண்டும். அப்போது சுமை திடீரென்று ஏறி, டூல் அதிர்கிறது, உடைகிறது. கடிப்பின் அளவு மாறாமல் பாதையை வளைத்துக்கொண்டு போகும் ரஃபிங் முறைகள் இதைத் தவிர்க்கின்றன. இத்தனை குறைந்த கடிப்பில் சீவல் மெலிந்துபோவதால், ஊட்ட வேகத்தை ஒன்றரை மடங்குக்கு மேலும் கூட்டலாம். வெட்டாமல் உரசினால் இறுகிப்போகும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இந்த முறையின் அருமை நன்றாகத் தெரியும்.

ஃபினிஷிங்கிலும் கணக்கு உண்டு. 10 மி.மீ. பால் நோஸ் கட்டர், வரிசைக்கு வரிசை 0.8 மி.மீ. நகர்ந்து ஒரு சமதளத்தை வெட்டினால், இடையில் 16 மைக்ரான் உயரத்துக்கு மேடு நிற்கும். நகர்வை 0.4 மி.மீ. ஆக்கினால் மேடு 4 மைக்ரானாகக் குறையும். ஆனால் வெட்டும் நேரம் ஏறக்குறைய இரட்டிக்கும். வளைவுகளை எவ்வளவு சிறிய கோடுகளாக உடைக்கிறது என்பதும் முக்கியம். நிமிடத்துக்கு 3,000 மி.மீ. வேகத்தில் 0.1 மி.மீ. கோடுகளாகப் போனால், கன்ட்ரோலர் நொடிக்கு 500 வரிகளைப் படிக்க வேண்டும். பழைய கன்ட்ரோலர் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் திணறினால் பரப்பில் தழும்பு விழும்.

போஸ்ட் புராசஸரும் சிமுலேஷனும்

டூல்பாத்தைக் குறிப்பிட்ட இயந்திரத்தின் மொழிக்கு மாற்றுவது போஸ்ட் புராசஸர். ஃபானுக், சீமென்ஸ், மிட்சுபிஷி என ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் வழக்கு வேறு. டூல் மாற்றுவது, துளையிடும் சுழற்சி, நான்காவது அச்சின் திசை என்று எதிலும் வேறுபாடு வரலாம். ஒவ்வொரு புரோகிராமிலும் ஆப்பரேட்டர் கையால் திருத்த வேண்டியிருந்தால், போஸ்ட் புராசஸர் சரியில்லை என்று பொருள். திருத்தும் ஒவ்வொரு இடமும் இயந்திரம் மோதக்கூடிய இடம். இதைச் சரிசெய்து தருவது விலையில் அடங்குமா என்பதை வாங்கும்முன் எழுத்தில் பெற வேண்டும்.

சிமுலேஷன் டூலை மட்டும் காட்டினால் போதாது. பேட்டரி அச்சு போன்ற ஆழமான வேலையில் முதலில் சுவரில் இடிப்பது டூல் ஹோல்டராக இருக்கலாம். ஹோல்டர், வைஸ், ஃபிக்ஸர் எல்லாம் சிமுலேஷனில் இருக்க வேண்டும். திரையில் காட்டுவது டூல்பாத்தையா, போஸ்ட் செய்த ஜி-கோடையா என்றும் கேட்க வேண்டும். ஏனெனில், போஸ்ட் புராசஸரில் புகுந்த பிழை முதல் வகையில் தெரியாது.

செலவு

விலைப்பட்டியலில் உள்ள தொகை முதல் படி மட்டுமே. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம், பயிற்சி, போஸ்ட் புராசஸர் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். கேட் மென்பொருளின் புதிய பதிப்பு வந்தால், அதற்குப் பொருந்தும் ஆட்-இன் பதிப்பு வரும்வரை காத்திருக்க நேரலாம். கேட் உரிமம் ஒன்றே ஒன்று இருந்தால், வரைபவரும் புரோகிராம் எழுதுபவரும் ஒரே நேரத்தில் வேலை செய்ய முடியாது.

ஒப்பிடும் முறை

விற்பவர் கொண்டுவரும் மாதிரி, அவர் மென்பொருளுக்குப் பொருத்தமாகத் தேர்ந்தது. பட்டறை தன் சொந்த ஜாப்களைக் கொடுக்க வேண்டும்: அடிக்கடி வரும் ஒன்று, மிகவும் தொல்லை கொடுத்த ஒன்று, பாதியில் வடிவம் மாறிய ஒன்று. கூடவே, 1969-இல் என்.ஏ.எஸ். 979 தரத்தில் வகுக்கப்பட்டு இன்றும் புழங்கும் வட்டம்-சாய்சதுரம்-சதுரம் கொண்ட சோதனைத் துண்டையும் வெட்டிப் பார்க்கலாம். இந்தத் துண்டு இயந்திரத்தின் துல்லியத்தையும் சேர்த்தே காட்டும் என்பதால், போட்டியிடும் மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் அதே இயந்திரம், அதே டூல், அதே உலோகம் இருக்க வேண்டும். புரோகிராம் எழுதிய நேரம், வெட்டிய நேரம், கையால் செய்த திருத்தங்கள், டூல் தேய்மானம், கிடைத்த அளவு ஆகிய ஐந்தையும் குறித்துவைத்து ஒப்பிட வேண்டும்.

சிறு பட்டறைகளுக்கு இவ்வளவையும் தனியாகச் செய்வது கடினம். 2015-இல் தொடங்கிய ஐ.ஐ.டி. திருப்பதியும், ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியும், இவ்வட்டாரத்துப் பாலிடெக்னிக்குகளும் இந்த ஒப்பீட்டை மாணவர்களின் திட்டப்பணியாக எடுத்துக்கொள்ளலாம். மாணவருக்கு உண்மையான உலோகத்தில் அனுபவம் கிடைக்கும். பட்டறைக்கு நடுநிலையான முடிவு கிடைக்கும். அதுவரை வாங்குபவர்கள் ஒரு விதியைக் கைவிடாமல் பிடித்துக்கொள்வது நல்லது: தங்கள் இயந்திரத்தில், தங்கள் ஜாப்பை, கையால் திருத்தாத ஜி-கோடைக் கொண்டு வெட்டிக் காட்டாத எந்த ஆட்-இன்னுக்கும் பணம் கொடுக்கக் கூடாது.