வீடே பெட்டி: பரணில் ஒளிந்திருக்கும் சப்வூஃபர்

சப்வூஃபர் என்றாலே கூடத்து மூலையை அடைத்துக்கொண்டு நிற்கும் கறுப்புப் பெட்டிதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் ஹோம் தியேட்டர் பித்துப் பிடித்த சிலர் அந்தப் பெட்டியே வேண்டாம் என்று முடிவுகட்டிவிட்டார்கள். அறையின் கூரையில் ஓட்டை போட்டு, மேலே உள்ள பரணில் ஸ்பீக்கர்களைப் பொருத்துகிறார்கள். 'இன்ஃபினிட் பேஃபிள்' என்பது இந்த முறையின் பெயர்.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் காற்றை அழுத்தும் அதே கணத்தில் பின்னால் அழுத்தம் குறைகிறது. இரண்டு அலைகளும் எதிரெதிர். 20 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 17 மீட்டர். அவ்வளவு நீண்ட அலை ஸ்பீக்கரின் விளிம்பைச் சுலபமாகச் சுற்றிவந்து முன்னலையை அழித்துவிடும். வெறும் ஸ்பீக்கரை மேஜைமேல் வைத்துப் பாட்டுப் போட்டால் பேஸ் காணாமல் போவது இதனால்தான்.

பெட்டி பின்னலையை அடைத்துவைக்கிறது. ஆனால் உள்ளே சிக்கிய காற்று ஸ்பிரிங்காகிக் கூம்பை எதிர்க்கிறது. 1954இல் எட்கர் வில்ச்சர் அந்த ஸ்பிரிங்கையே வேலைவாங்கி, ஏஆர்-1 என்ற அடக்கமான ஸ்பீக்கரை உருவாக்கினார். அருமையான தந்திரம்; ஆனாலும் பெட்டி சிறுக்கச் சிறுக்க, அடியாழ பேஸுக்கு ஆம்ப்ளிஃபயர் கூடுதலாக உழைத்தாக வேண்டும்.

பின்னால் ஏராளமான காற்று இருந்தால் அந்த எதிர்ப்பே தெரியாது. ஸ்பீக்கருக்கான விவரத்தாளில் 'வாஸ்' என்று லிட்டரில் ஓர் எண் இருக்கும். பின்பக்க இடம் அதைப்போல் பத்து மடங்காவது இருக்கட்டும் என்பது கட்டுபவர்களின் கணக்கு. வாஸ் 300 லிட்டர் உள்ள 15 அங்குல ஸ்பீக்கர் நான்கு என்றால் 12 கன மீட்டர் தேவை. பத்துக்குப் பத்து அறை ஒன்றிலேயே இதைப்போல் இரண்டு மடங்குக் காற்று உண்டு.

ஸ்பீக்கரைக் கூரையில் படுக்கவைத்தால், கனமான கூம்பு நாளடைவில் தொய்ந்துபோகும். அதனால் கெட்டியான பிளைவுட்டில், அறைப்பக்கம் மட்டும் திறந்த ஒரு கூண்டு செய்து, அதன் பக்கச் சுவர்களில் ஸ்பீக்கர்களை நேருக்கு நேர் மாட்டுகிறார்கள். ஒன்றின் உதையை எதிரே உள்ளது சமன்செய்துவிடும், உத்தரம் அதிராது. கீழிருந்து பார்த்தால் ஏசி கிரில் போன்ற ஒரு சட்டம்தான் தெரியும்.

இதன் உச்சம் ஃப்ளோரிடாவின் எமினென்ட் டெக்னாலஜி நிறுவனத்துக்காக புரூஸ் திக்பென் வடிவமைத்த டிஆர்டபிள்யூ-17. அதில் கூம்பே கிடையாது. சுழலும் விசிறி இறக்கைகளின் கோணத்தை மாற்றி, 20 ஹெர்ட்ஸுக்கும் கீழே, காதுக்கு எட்டாமல் உடலுக்கு மட்டும் உறைக்கும் அதிர்வை எழுப்புகிறது. அதற்கும் பின்னால் ஒரு பரணோ தனி அறையோ வேண்டும்.

ஆபத்து ஒன்று உண்டு. அதே ஒலியளவில் அதிர்வெண் பாதியானால் கூம்பின் ஓட்டம் நான்கு மடங்காகும். தடுக்கக் காற்று ஸ்பிரிங்கும் இல்லாததால், மிகத் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் ஃபில்டர் போடாதவர்கள் ஸ்பீக்கரைக் கிழித்துக்கொள்வார்கள்.

ஆசைப்படுபவர்கள் முதலில் சுவருக்கு அந்தப்பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முன்னால் எழும் அதே சத்தம் பின்னாலும் எழும். அந்தப்பக்கம் படுக்கையறையோ பக்கத்து வீடோ என்றால், பழைய பெட்டியே போதும்.