விரிகுடாவின் நடுவே ஒரு சுங்கப் பாலம்

அமெரிக்காவின் தென்கிழக்குக் கோடியிலுள்ள ஃப்ளாரிடா மாநிலத்தின் வடமேற்குப் பகுதி, மெக்ஸிகோ வளைகுடாவை ஒட்டி மேற்கு நோக்கி நீண்டு கிடக்கும் கரையோரப் பிரதேசம். அப்பலாச்சியன் மலைப் பாறைகள் யுகயுகாந்தரமாகத் தேய்ந்து, நதிகளால் அடித்துக்கொண்டு வரப்பட்டு, அங்கே தூய வெண்மணலாகப் பரந்திருக்கின்றன. தெற்கே சமுத்திரமும் வடக்கே சாக்டாஹாச்சி என்னும் பெரிய விரிகுடாவும் நெருக்க, அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்திலே டெஸ்டின் என்ற ஊர் அமைந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கனெக்டிகட் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய லெனர்ட் டெஸ்டின் என்ற மாலுமியின் பெயரைத் தாங்கி, நெடுங்காலம் மீன்பிடித் தொழிலே கதியென்று இருந்த அந்தச் சிற்றூர், இன்று கோடைகாலந்தோறும் உல்லாசப் பிரயாணிகள் திரள் திரளாக வந்து குவியும் இடமாகிவிட்டது.

ஊர் விருத்தியடைந்த வேகத்திலே வழி விருத்தியடையவில்லை. விரிகுடா கிழக்கு மேற்காக மிக நீண்டது. எதிர்க்கரையில் கண்ணுக்கெட்டும் தூரத்திலிருக்கும் நைஸ்வில் என்ற ஊரை அடைவதற்குக்கூட, மேற்கே ஃபோர்ட் வால்ட்டன் பீச் வழியாகவோ, கிழக்கே அடுத்த மாவட்டத்தின் வழியாகவோ சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. சாதாரண நாளில் இது கால விரயம். புயல் வரும் நாளிலோ பிராணாபத்து. கரையோரத்து ஜனங்கள் அனைவரும் 98-ஆம் எண் நெடுஞ்சாலை ஒன்றையே நம்பி வெளியேற வேண்டிய நிலைமையை மாற்றியது, 1993-ஆம் வருஷம் திறக்கப்பட்ட மிட்-பே பாலம். நீரின் மேல் சுமார் 3.6 மைல் தூரம் நேராகச் செல்லும் இந்தப் பாலம் திறந்து இரண்டே வருஷத்தில், 1995 அக்டோபரில், ஓபல் என்ற கொடிய சூறாவளி அந்தக் கரையைத் தாக்கிற்று. வடக்கே செல்லும் சாலைகள் யாவும் வாகனங்களால் திணறிய அந்த நாளை அறிந்தவர்கள், பாலம் இல்லாதிருந்தால் என்னவாயிருக்கும் என்று கேட்கவே மாட்டார்கள்.

இத்தகைய பாலத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? 1986-இல் மாநிலச் சட்டசபை ஒரு தனிச் சட்டத்தின் மூலம் பால அதிகார சபை ஒன்றை ஸ்தாபித்தது. அந்தச் சபை பொதுமக்களிடமும் முதலீட்டாளர்களிடமும் கடன் பத்திரங்களை விற்றுப் பாலத்தை நிர்மாணித்து, கடப்பவர்களிடம் வசூலிக்கும் சுங்கத்தைக் கொண்டு வட்டியும் முதலும் செலுத்திவருகிறது. ஆகவே சுங்கப் பாலத்துக்கு அஸ்திவாரம் கான்கிரீட் மட்டுமன்று. இனி வரப்போகும் வாகனங்கள் இத்தனை என்ற மதிப்பீடும் அஸ்திவாரமே. அந்த மதிப்பீடு தவறினால் நேர்வது என்ன என்பதற்கு அதே கரையில், சற்று மேற்கே, ஓர் உதாரணம் இருக்கிறது. 1999-இல் திறக்கப்பட்ட கார்ஸன் பாயிண்ட் பாலத்தில் எதிர்பார்த்த போக்குவரத்து வரவேயில்லை. 2011-இல் அதன் அதிகார சபை கடன் தவணையைச் செலுத்த இயலாமல் தவறிற்று. வாகனங்கள் குறைந்ததால் கட்டணத்தை உயர்த்தினார்கள். உயர்ந்த கட்டணமோ இருந்த வாகனங்களையும் விரட்டிற்று. ஒரு முறை கடப்பதற்கு ஐந்து டாலர் என்ற அளவுக்குப் போய், கடைசியில் 2022-இல் மாநில அரசு கடன் விவகாரத்தைத் தீர்த்துக் கட்டணத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. மிட்-பே பாலத்துக்கு அந்தக் கதி நேராமல் காத்தது டெஸ்டினின் வெண்மணலே என்று சொல்வதில் பிழையில்லை.

ஆனால் பணத்தைவிட நுட்பமான விஷயம் ஒன்று உண்டு. இந்தப் பாலம் ஒரே வார்ப்பாகக் கட்டப்பட்டதன்று. உள்ளே கூடம்போல் குடைவாக இருக்கும் கான்கிரீட் பெட்டிகளைக் கரையில் தனித்தனியே வார்த்து, தூண்களின் மேல் வரிசையாக வைத்து, பூவை நாரில் தொடுப்பதுபோல் எஃகு வடங்களால் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். வடங்களின் இழுவிசை பெட்டிகளை ஒன்றோடொன்று நெருக்கிப் பிடிக்கிறது. அந்த நெருக்கமே பாலத்தின் பலம். வடம் துருப்பிடிக்காதிருக்க அதைப் பிளாஸ்டிக் குழாயில் செலுத்தி, குழாய் நிறையச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி அடைக்கிறார்கள். குழம்பிலே தண்ணீர் மிகுந்துவிட்டால் அது பிரிந்து மேலே ஏறி, வடம் முடிந்து பிணைக்கப்படும் இடத்தில் தேங்கி, பிறகு வற்றி, அங்கே ஒரு வெற்றிடத்தை விட்டுச் செல்கிறது. கடற்காற்றும் ஈரமும் அந்த வெற்றிடத்தை அடைந்த பின், துருவுக்கு வேறு உதவி தேவையில்லை. வெளியே சாலை பளபளப்பாயிருக்க, உள்ளே இருட்டில் உயிர்நாடி அரிக்கப்படுகிறது.

2000-ஆம் வருஷம், பாலம் திறந்து ஏழே ஆண்டுகளில், பெட்டிகளுக்குள் நுழைந்து பார்த்த பரிசோதகர்கள் குழாய்கள் வெடித்திருப்பதையும், ஒரு வடம் இழுவிசை முழுவதும் இழந்து தளர்ந்து கிடப்பதையும் கண்டார்கள். பதினொரு வடங்களை மாற்ற வேண்டியிருந்தது. மாநிலம் முழுவதிலும் இவ்வகைப் பாலங்களைச் சோதித்து, குழம்பு தயாரிக்கும் முறைகளையே திருத்தி எழுதினார்கள். ஆயினும் 2018-இன் இறுதியில் மீண்டும் வடம் பழுதுபட்டது தெரிந்து, போக்குவரத்தை நிறுத்திப் பார்க்க நேர்ந்தது. நூறு வருஷம் நிலைக்கும் என்று கருதும் ஒரு பெரும் கட்டடத்தின் ஆயுள், ஒரு நாள் ஒரு தொழிலாளி கலந்த குழம்பில் தண்ணீர் எவ்வளவு என்பதைப் பொறுத்திருக்கிறது. அந்தக் குடைவுக்குள் புகுந்து, விளக்கைப் பிடித்து, ஒவ்வொரு வடத்தையும் பார்த்துவரும் பரிசோதகர்களே அந்தப் பாலத்தின் உண்மையான காவலர்கள் என்று நான் கருதுகிறேன். சுங்கத்தில் ஒரு பங்கு அவர்களுக்காகச் செலவாவதைப் பற்றி எவரும் முகம் சுளிக்கலாகாது.

பாலத்தின் வடகரையிலிருந்து, எக்லின் விமானப் படைத்தளத்தின் பரந்த வனத்தினூடே நைஸ்வில் நகரைச் சுற்றிச் செல்லும் ஸ்பென்ஸ் பார்க்வே என்ற சுங்கச் சாலையும் பிற்காலத்தில் சேர்ந்தது. அதில் வண்டியை நிறுத்திக் காசு கொடுக்கும் சாவடியே கிடையாது. கண்ணாடியில் ஒட்டிய சிறு மின்கருவியை மேலிருக்கும் வளைவு கண்டறிந்து கணக்கில் கழித்துக்கொள்கிறது. கருவி இல்லாத வண்டியின் எண் பலகையைப் படம் பிடித்து, வீட்டுக்கே பில் அனுப்பிவிடுகிறார்கள்.

வருஷத்துக்கு ஒரு வாரம் விடுமுறைக்கு வரும் குடும்பத்துக்கு இந்தக் கட்டணம் ஒரு பொருட்டன்று. டெஸ்டினில் வீட்டு வாடகை தாங்காமல் வடகரையிலும் அதற்கப்பால் கிரெஸ்ட்வியூவிலும் குடியிருந்து, ஹோட்டல் அறைகளைத் துடைப்பதற்கும் சமையற்கூடத்தில் நிற்பதற்கும் தினந்தோறும் விரிகுடாவைக் கடந்து வருபவர்களுக்கோ அது கூலியில் விழும் வெட்டு. மின்கருவி வைத்திருப்போருக்குக் கட்டணச் சலுகை உண்டு. நியாயமான ஏற்பாடே, என்றாலும் பாலத்தின் கடனைப் பெரும்பாலும் அடைத்துவருவது உல்லாசப் பிரயாணிகளின் வரவு என்றால், அந்த வரவைச் சாத்தியமாக்கும் உழைப்பாளிகளின் சலுகை இன்னும் தாராளமாயிருக்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.